சந்தேகம் வந்தால் இரக்கம் போய்விடுமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளைப் படித்துக்கொண்டே வந்தபோது ஒன்று பளிச்சென்று தெரிந்தது. "எனக்குக் கடவுள் மேல் சந்தேகம்" என்று எழுதியவர்களில் பலருக்குக் கடவுள் இருக்கிறாரா இல்லையா என்பது பிரச்சினையே இல்லை. அவர் இருக்கிறார், எல்லாரையும் மன்னிக்கிறார், என்னை மட்டும் மன்னிக்க மாட்டார் என்பதுதான் அவர்கள் பயம். இரண்டும் வேறு வேறு சிக்கல், ஒன்றுக்குச் சொல்லும் பதில் மற்றதற்கு ஒத்துவராது. நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களை எடுத்துவிட்டேன். சரி, கேள்விகளுக்குப் போவோம்.

ஃபாதர், நான் பல வருடமாக ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். கொஞ்ச காலமாகப் பூசையில் எழுந்தேற்றம் (குரு அப்பத்தையும் இரசத்தையும் உயர்த்திக் காட்டுவது) நடக்கும்போது, "இதெல்லாம் உண்மைதானா, இல்லை நாமாகச் சொல்லிக்கொள்வதா?" என்று ஒரு நினைப்பு வருகிறது. விரட்டினாலும் போகவில்லை. பிள்ளைகள் முன்னால் நிற்கவே கூச்சமாக இருக்கிறது. இது சாவான பாவமா? நான் நன்மை (நற்கருணை) வாங்கலாமா?

வாங்குங்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மீதியைப் படிப்பதற்குள் இன்னொரு ஞாயிறு நீங்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடக் கூடாது.

திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2088-ஆம் எண்ணை எடுத்துப் பாருங்கள். அங்கே ஐயத்தை இரண்டாகப் பிரிக்கிறார்கள். கடவுள் வெளிப்படுத்தியது, திருச்சபை நம்பும்படி முன்வைப்பது என்று தெரிந்தும் அதை அலட்சியம் செய்வது, ஏற்க மறுப்பது ஒருவகை, அது மனம் ஒப்பிச் செய்வது. இன்னொன்று, நாம் கேட்காமலே வருவது: நம்பத் தயக்கம், எதிர்க்கேள்விகளுக்குப் பதில் கிடைக்காத தவிப்பு, மறைபொருள் புரியாததால் வரும் பதற்றம். உங்கள் கடிதத்தில் "விரட்டினாலும் போகவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியே நீங்கள் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுகிறது. வராதே என்று விரட்டுகிற ஒன்றுக்கு மனம் ஒப்பியதாக எப்படிக் கணக்கு வைப்பது? ஆனால் அதே எண்ணின் கடைசியில் ஓர் எச்சரிக்கையும் உண்டு, அதையும் மறைக்க வேண்டாம்: ஐயத்தை வேண்டுமென்றே வளர்த்தால் அது ஆன்மாவைக் குருடாக்கிவிடும். அதாவது கேள்வி வந்தது குற்றமில்லை. பதிலைத் தேடாமல், செபத்தையும் விட்டுவிட்டு, அந்தக் கேள்வியையே சாக்காக வைத்துக்கொண்டு காலம் கடத்தினால் அப்போதுதான் ஆபத்து.

அப்புறம் தோமா, இயேசுவின் பன்னிரு சீடர்களில் ஒருவர். இறை இரக்க ஞாயிறு, அதாவது பாஸ்கா (உயிர்ப்புப் பெருவிழா) முடிந்து அடுத்த ஞாயிறு, எந்த ஆண்டானாலும் யோவான் 20-ஆம் அதிகாரத்தில் இருந்து தோமாவின் கதையைத்தான் வாசிக்கிறோம். இரக்கத்தின் திருநாளுக்குச் சந்தேகப்பட்டவரின் கதையா என்று யாராவது யோசித்துத் தேர்ந்தெடுத்ததாக நினைக்காதீர்கள். "எட்டு நாள்களுக்குப் பின்" என்று அந்தக் கதையிலேயே வருவதால் எட்டாம் நாளில் அதை வாசிப்பது மிகப் பழைய வழக்கம், அந்த ஞாயிறுக்கு இரக்கத்தின் பெயர் வந்தது 2000-இல்தான். ஆனால் இரண்டும் பொருந்தியிருப்பதைப் பாருங்கள். உயிர்த்த அன்று மாலை இயேசு சீடர்கள் மேல் ஊதி, பாவங்களை மன்னிக்கும் அதிகாரத்தைக் கொடுக்கிறார். அந்த நேரத்தில் தோமா அங்கே இல்லை. மற்ற பத்துப் பேரும் கண்டோம் கண்டோம் என்கிறார்கள், இவர் நம்ப முடியாது என்கிறார், ஆணித்தழும்பைப் பார்க்க வேண்டும், விரலை இட வேண்டும், விலாவில் கையை இட வேண்டும் என்று வரிசையாக நிபந்தனை போடுகிறார். அதற்குப் பிறகு ஒரு முழு வாரம். நாம் இந்த வாரத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம், நான் அங்கேதான் நிற்கச் சொல்வேன். அந்த எட்டு நாளும் நம்பாத ஒருவர் நம்புகிறவர்களோடு ஒரே கூட்டத்தில் இருந்திருக்கிறார். அவர்களும் வெளியே போ என்று சொல்லவில்லை, இவரும் உங்களுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று கிளம்பவில்லை. எட்டாம் நாள் கதவு பூட்டியிருந்தபோது தோமா உள்ளே இருந்தார். ஊருக்குக் கிளம்பிப் போயிருந்தால்?

இன்னொன்று. இயேசு வந்ததும் தோமா சொன்ன அதே சொற்களைத் திருப்பிச் சொல்கிறார்: இதோ கை, விரலை இடு, கையை இடு, "ஐயம் தவிர்த்து நம்பிக்கைகொள்." அப்படியென்றால் தோமா பேசியபோது அவர் கண்ணுக்குத் தெரியாமல் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஓவியங்களில் எல்லாம் தோமா விரலை விடுகிற மாதிரி வரைந்திருப்பார்கள், ஆனால் தோமா தொட்டார் என்று யோவான் எழுதவில்லை. நேரே "நீரே என் ஆண்டவர், நீரே என் கடவுள்" என்று வந்துவிடுகிறது. ஆறாம் நூற்றாண்டில் திருத்தந்தை பெரிய கிரகோரி ஒரு மறையுரையில், மற்றவர்கள் நம்பியதைவிடத் தோமா நம்பாமல் இருந்தது நம் விசுவாசத்துக்கு அதிகம் உதவியது என்று துணிந்து சொன்னார்.

பிள்ளைகள் முன் கூச்சம் என்கிறீர்கள். பிரான்ஸ் நாட்டுக் கன்னியர் குழந்தை தெரேசம்மாளுக்கு 1896-ஆம் ஆண்டு பாஸ்கா காலத்தில் விசுவாசச் சோதனை தொடங்கி, மறு ஆண்டு செப்டம்பர் 30-இல் 24 வயதில் சாகும்வரை விடவில்லை. சாவுக்கு அப்பால் ஒன்றுமே இல்லை என்று இருட்டு கேலி செய்வதுபோல இருந்ததை அவரே எழுதியிருக்கிறார். அப்போது அவர் செய்தது என்ன தெரியுமா? விசுவாசப் பிரமாணத்தைத் தன் இரத்தத்தால் எழுதி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். வாழ்நாள் முழுவதும் சொன்னதைவிட அந்த ஓராண்டில்தான் "நம்புகிறேன்" என்று அதிகம் சொன்னதாகக் குறித்தும் வைத்திருக்கிறார். அப்படிப்பட்டவரைத்தான் திருச்சபை 1997-இல் மறைவல்லுநர் என்று அறிவித்தது. நீங்கள் வகுப்பை விடாதீர்கள். எந்தக் கேள்வி உங்களை உறுத்துகிறதோ அதை ஒரு தாளில் குறிப்பாக எழுதிக்கொண்டு, படித்த ஒரு குருவிடமோ இறையியல் தெரிந்த ஒருவரிடமோ போய் உட்காருங்கள். "எல்லாமே சந்தேகம்" என்று பொதுவாகப் போனால் பொதுவான பதில்தான் கிடைக்கும்.

இறை இரக்கப் படம் எனக்குப் பிடிக்கவில்லை. அதற்குக் காரணமான போலந்துக் கன்னியர் ஃபவுஸ்தீனாவின் காட்சிகளிலும் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. செபக் குழுவில் இதைச் சொன்னதற்கு என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். இதை நம்பாவிட்டால் நான் கத்தோலிக்கன் இல்லையா?

கத்தோலிக்கன்தான். தனிநபர் வெளிப்பாடுகள் விசுவாசக் கருவூலத்தைச் சேர்ந்தவை அல்ல என்று மறைக்கல்வி நூல் 67-ஆம் எண்ணில் தெளிவாகச் சொல்கிறது. திருச்சபை ஏற்றுக்கொண்டது என்றால் இதில் விசுவாசத்துக்கு முரண் இல்லை, பயன்படுத்திப் பலன் பெறலாம் என்று பொருள், நம்பியே தீர வேண்டும் என்று பொருள் அல்ல. கடவுள் இரக்கமுள்ளவர் என்பதை நம்பியாக வேண்டும். அதற்கு நற்செய்தியே போதும்.

ஆனால் ஃபவுஸ்தீனாவைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு சந்தேகப்படுங்கள், ஏனென்றால் அவரை உங்களைவிட அதிகமாகச் சந்தேகித்தவர்கள் உண்டு, அதில் முதல் ஆள் அவரேதான். 1905-இல் போலந்தில் ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், பள்ளிக்கூடம் மூன்று வருடம்கூட முழுதாகப் போகவில்லை. மடத்தில் சமையல், தோட்டம், வாசல் காவல் இவைதான் வேலை. 1931 பிப்ரவரி 22 அன்று ப்வோட்ஸ்க் நகர மடத்தில், நெஞ்சிலிருந்து சிவப்பும் வெளுப்புமாக இரண்டு கதிர்கள் வர இயேசுவைக் கண்டதாகவும், இதை வரையச் சொன்னதாகவும் எழுதினார். யோவான் 19-இல் ஈட்டியால் குத்தியதும் இரத்தமும் நீரும் வடிந்தது என்று வருகிறதே, அந்தக் கதிர்கள் அதைத்தான் குறிக்கின்றன. மடத்தில் பலர் நம்பவில்லை. இது பிரமையோ என்று அவரும் பயந்தார். பிறகு வில்னியுஸ் நகரில் அவருக்கு ஆன்ம குருவாக வந்த மிகாவ் சொபோச்கோ, முதலில் மனநல மருத்துவர் ஒருவரிடம் பரிசோதனைக்குத்தான் அனுப்பினார். நல்ல மனநிலையில் இருக்கிறார் என்று தெரிந்த பிறகுதான் மேலே பேச்சு. நாட்குறிப்பு எழுதச் சொன்னதும் அவர்தான். அவர் பயணம் போயிருந்த சமயம் ஃபவுஸ்தீனா எழுதியதையெல்லாம் எரித்துவிட்டார், திரும்பி வந்தவர் மறுபடி எழுதச் சொன்னார். நம்மிடம் இருக்கும் நாட்குறிப்பின் தொடக்கப் பகுதி அப்படி மறுபடி எழுதியது.

படம் பிடிக்கவில்லை என்கிறீர்கள். 1934-இல் கசிமிரோவ்ஸ்கி என்ற ஓவியர் அவர் சொல்லச் சொல்ல வரைந்து முடித்ததும், கண்ட அழகில் ஒன்றும் இதில் இல்லை என்று கோயிலில் போய் அழுதவர் ஃபவுஸ்தீனா. படத்தின் மேன்மை நிறத்திலோ தூரிகையிலோ இல்லை என்று ஆறுதல் கிடைத்ததாக நாட்குறிப்பில் எழுதுகிறார். பல வீடுகளில் மாட்டியிருப்பது அந்தப் படம்கூட இல்லை, அவர் இறந்த பிறகு இன்னொரு ஓவியர் வரைந்தது.

அவர் 1938-இல் 33 வயதில் இறந்தார். 1959-இல் உரோமை அவருடைய எழுத்துகளையும் அவர் சொன்ன வடிவிலான படங்களையும் பரப்பக் கூடாது என்று தடையே போட்டது. மூல ஆவணங்களைச் சரியாகப் பார்த்த பிறகு 1978-இல் தடை நீங்கியது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2000 ஏப்ரல் 30 அன்று அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்து, அந்த ஞாயிறை இறை இரக்க ஞாயிறு என்று அகிலத் திருச்சபைக்கும் அறிவித்தார். ஆக ஏறக்குறைய இருபது வருடம் உரோமையே இதைத் தள்ளி வைத்திருந்தது. உங்கள் குழுவில் யாராவது முறைத்தால் இதைச் சொல்லுங்கள், ஆனால் அவர்கள் செபிக்கும்போது மூக்கைச் சுளிக்காதீர்கள். உங்களுக்குப் பிடிக்காத செபம் இன்னொருவருக்குக் கைத்தாங்கலாக இருக்கலாம்.

இருபது வயதில் ஒரு பெரிய பாவம் செய்தேன். பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்துவிட்டேன். ஆனால் சரியாகச் சொன்னேனா என்று சந்தேகம் வந்து திரும்பத் திரும்ப வேறு வேறு குருக்களிடம் போய் அதையே சொல்கிறேன். வெளியே வந்த அரை மணி நேரம் நிம்மதி, பிறகு மறுபடியும் அதே பயம். என்னை உண்மையிலேயே மன்னித்துவிட்டாரா?

மன்னித்துவிட்டார். முதல் தடவையே. இரண்டாம் தடவை போனபோது மன்னிக்க அங்கே ஒன்றும் மீதி இல்லை.

உங்களுக்கு வந்திருப்பதற்குத் திருச்சபையில் பழைய பெயர் உண்டு, மனக்கலக்கம் என்பார்கள், ஆங்கிலம் கலந்து 'ஸ்குரூப்பிள்ஸ்' என்றும் குருக்கள் சொல்வதுண்டு. இது பக்தி அதிகமானதால் வருவது என்று சிலர் தட்டிக்கொடுப்பார்கள், நான் அப்படிச் சொல்ல மாட்டேன், இது ஆளைத் தின்றுவிடும். இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் 1522-இல் மன்ரேசாவில் இருந்தபோது இதே பாடுதான் பட்டார். முழு வாழ்க்கையின் பாவங்களையும் எழுதியே பாவசங்கீர்த்தனம் செய்தவர், அப்புறமும் ஏதோ விட்டுப்போனது என்று திரும்பத் திரும்பப் போனார். மிகத் தெளிவாகத் தெரிந்தால் ஒழியப் பழைய பாவங்களைச் சொல்லாதே என்று ஆன்ம குரு கட்டளை போட்டார். பிரச்சினை என்னவென்றால் இஞ்ஞாசியாருக்கு எல்லாமே மிகத் தெளிவாகத்தான் தெரிந்தது! அறையில் இருந்த ஒரு குழியில் குதித்துவிடலாமா என்னும் அளவுக்குப் போயிற்று. கடைசியில், பழையதை இனி ஒருபோதும் சொல்வதில்லை என்று முடிவெடுத்த அன்றைக்குத்தான் விடுதலை. தன்வரலாற்றில் இதை அவரே சொல்லியிருக்கிறார்.

அதனால் நான் சொல்வது கொஞ்சம் கடுமையாக இருக்கும். ஒரே ஒரு குருவைத் தேர்ந்தெடுங்கள். அவரிடம் இந்த நோவு எனக்கு உண்டு என்று பாவத்தைச் சொல்லாமலே சொல்லுங்கள். அவர் போதும் என்றால் போதும், வேறு கோயிலுக்குப் போய் இரண்டாவது கருத்துக் கேட்கக் கூடாது. அந்தப் பாவத்தை இனிப் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் கொண்டுபோகாதீர்கள். பயம் வரும், நிச்சயமாக வரும், வந்தால் "வந்தாயா" என்று விட்டுவிட்டுக் கையில் இருக்கிற வேலையைப் பாருங்கள். நிம்மதி தோன்றுவது மன்னிப்புக்கு அடையாளம் இல்லை. குருவானவர் "நான் உன் பாவங்களை மன்னிக்கிறேன்" என்று சொல்லும்போது உங்கள் நெஞ்சு லேசாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது, வார்த்தை சொன்னதோடு காரியம் முடிந்துவிடுகிறது.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன். கதவு பூட்டினேனா, கை கழுவினேனா என்று மற்ற விஷயங்களிலும் திரும்பத் திரும்பச் சரிபார்க்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு இல்லை, ஃபவுஸ்தீனாவையே அனுப்பினார்கள் என்று மேலே சொன்னேனே.

கடவுள் இவ்வளவு இரக்கமுள்ளவர் என்றால் வேண்டியதைச் செய்துவிட்டுக் கடைசியில் பாவசங்கீர்த்தனம் செய்துகொள்ளலாமே? கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

கொஞ்சம் கிண்டலும் இருக்கிறது, பரவாயில்லை. மன்னிப்புக்கு மனஸ்தாபம் வேண்டும், மனஸ்தாபத்தில் இனிச் செய்ய மாட்டேன் என்ற தீர்மானமும் அடக்கம். பிறகு மனஸ்தாபப்படலாம் என்று திட்டம் போட்டுக்கொண்டு செய்கிறவர், செய்யும்போதே அந்தத் தீர்மானத்துக்கு எதிராகத்தான் நிற்கிறார். இரக்கம் குறைந்துபோகாது, அதை வாங்கிக்கொள்ளும் மனசு உங்களிடம் மிஞ்சியிருக்குமா என்பதுதான் கேள்வி. துணிந்த நம்பிக்கை என்று இதை மறைக்கல்வி நூல் அவநம்பிக்கைக்குப் பக்கத்திலேயே வைத்துப் பேசுகிறது, 2091, 2092 எண்களில். என்னை மன்னிக்கவே மாட்டார் என்பதும் எப்படியும் மன்னித்துவிடுவார் என்பதும் அடுத்தடுத்த எண்களில் வருகின்றன. அப்புறம், கடைசி நேரம் என்று ஒன்று உங்களுக்குச் சொல்லிவிட்டு வரும் என்று யார் சொன்னது?

என் தம்பி தற்கொலை செய்துகொண்டான். உறவுக்காரர்கள் அவன் நரகத்துக்குத்தான் போயிருப்பான், பூசை வைத்துப் பயனில்லை என்கிறார்கள். அன்றிலிருந்து என்னால் செபிக்க முடியவில்லை. இரக்கமுள்ள ஆண்டவர் என்று பாடும்போது வாய் வரமாட்டேன் என்கிறது.

சகோதரி, உங்கள் உறவுக்காரர்கள் சொன்னது திருச்சபையின் போதனை இல்லை. கோபமாகவே சொல்கிறேன்.

தன் உயிரைத் தானே மாய்ப்பது தவறு என்று திருச்சபை கற்பிக்கிறது, அதில் மாற்றமில்லை. ஆனால் அதே இடத்தில், கடுமையான மனநோய், தாங்க முடியாத வேதனை, பெரும் பயம் இவை ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும் சொல்கிறது, 2282-ஆம் எண். அடுத்த எண் இன்னும் வெளிப்படையானது: தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் நித்திய மீட்பைப் பற்றி நாம் நம்பிக்கை இழக்கக் கூடாது, தமக்கு மட்டுமே தெரிந்த வழிகளில் மனம்திரும்பும் வாய்ப்பைக் கடவுள் அவர்களுக்குக் கொடுக்க முடியும், திருச்சபை அவர்களுக்காகச் செபிக்கிறது. திருச்சபை செபிக்கிறது என்று எழுதியிருக்கும்போது பூசை வைத்துப் பயனில்லை என்று சொல்ல இவர்கள் யார்?

பழைய ஆட்கள் இப்படிப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தில், தெரிந்தே தற்கொலை செய்துகொண்டவர்களுக்குத் திருச்சபை அடக்கச் சடங்கு மறுக்கப்பட்டது. 1983-இல் வந்த சட்டத் தொகுப்பில் அந்தப் பட்டியலிலிருந்து அவர்களை எடுத்துவிட்டார்கள். சட்டம் மாறியது பலர் காதுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. இன்னொன்றும் யோசியுங்கள்: எத்தனையோ பேரைப் புனிதர் என்று பெயர் சொல்லி அறிவித்த திருச்சபை, இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒரே ஒருவரைக்கூடப் பெயர் சொல்லி அறிவித்ததில்லை. திருச்சபை செய்யாத தீர்ப்பை உங்கள் தம்பிக்கு உங்கள் உறவுக்காரர்கள் வழங்கியிருக்கிறார்கள்.

செபிக்க முடியவில்லை என்கிறீர்கள். பாட வேண்டாம், வாய் வராவிட்டால் விடுங்கள். திருப்பாடல் 88-ஐ எடுத்து வாசியுங்கள். துயரப் பாடல்கள் பெரும்பாலும் கடைசியில் ஒரு நம்பிக்கை வரியில் முடியும், இது அப்படி முடியாது, இருட்டைச் சொல்லியே நின்றுவிடும். அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள், செபம் என்றே வைத்திருக்கிறார்கள். தம்பிக்காகப் பூசை வையுங்கள், வருடாவருடம் வையுங்கள், காலம் கடந்துவிட்டதே என்று நினைக்க வேண்டாம், நீங்கள் இன்று செய்யும் செபம் அன்றைய அந்த நிமிடத்துக்கும் கடவுளுக்கு எட்டும். இதைப் படிக்கிற யாருக்காவது, உங்களுக்கேகூட, வாழ வேண்டாம் என்ற நினைப்பு வந்தால் இன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடமும் மருத்துவரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். இதில் தயக்கமே வேண்டாம்.

எங்கள் குடும்பச் சொத்தில் பொய்க் கையெழுத்துப் போட்டு எங்களை நடுத்தெருவில் விட்டவர், பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன், ஆண்டவர் மன்னித்துவிட்டார் என்று முன்வரிசையில் நின்று நன்மை வாங்குகிறார். எனக்கு என்ன நியாயம்? இரக்கம் என்பது அயோக்கியர்களுக்கு மட்டும்தானா?

இறை இரக்கத்தைப் பற்றி வருகிற சந்தேகங்களில் இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். நரகம், சாத்தான் என்று கேட்கிறவர்கள் நிறைய, இதைக் கேட்பவர்கள் கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார்கள்.

பாவசங்கீர்த்தனத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, எந்தக் குருவும் சொல்ல முடியாது. ஆனால் அவர் செய்ய வேண்டியது என்ன என்று தெரியும். பிறருக்கு இழைத்த தீங்கை முடிந்தவரை சரிசெய்ய வேண்டும், எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கெடுத்த பெயரைச் சீராக்க வேண்டும் என்று மறைக்கல்வி நூல் 1459-ஆம் எண்ணில் இருக்கிறது. நற்செய்தியில் வரும் வரி வசூலிப்பவர் சக்கேயு என்ன செய்தார்? ஆண்டவர் வீட்டுக்கு வந்ததும், எவரையாவது ஏமாற்றியிருந்தால் நான்கு மடங்கு திருப்பித் தருகிறேன் என்றார். இரண்டாம் யோவான் பவுல் 1980-இல் இறை இரக்கத்தைப் பற்றியே எழுதிய சுற்றுமடலில், மன்னிப்பு என்றால் தீமைக்கு இடம் கொடுப்பது என்று நற்செய்தியில் எங்கேயும் பொருள் இல்லை, தீங்கை ஈடுசெய்வது மன்னிப்புக்கான நிபந்தனை என்று எழுதினார். அவர் வெறும் பேச்சுக்கு எழுதவில்லை. 1981 மே 13-இல் தன்னைச் சுட்ட மெஹ்மத் அலி ஆக்ஜாவை 1983 டிசம்பரில் சிறைக்கே போய்ப் பார்த்தார், பக்கத்தில் உட்கார்ந்து பேசினார், மன்னித்திருந்தார். ஆக்ஜா அதற்குப் பிறகும் பல வருடம் இத்தாலியச் சிறையில்தான் இருந்தார், 2000-இல்தான் அந்த நாட்டு அதிபர் பொதுமன்னிப்புக் கொடுத்தார். மன்னித்ததும் நடந்தது, தண்டனையும் நடந்தது.

ஆகவே வழக்குப் போடுங்கள். உங்கள் உரிமையைக் கேட்பது மன்னிக்காத குணம் இல்லை, "மன்னிக்க வேண்டும்" என்று சொல்லி உங்களை வாயடைக்க யாருக்கும் உரிமை கிடையாது.

மனசு ஆறவில்லையே என்றால், ஆறாது, உடனே ஆறாது. அடிபட்டதை உணராமல் இருப்பதும் மறப்பதும் நம் கையில் இல்லை என்று அதே நூலின் 2843-ஆம் எண் ஒத்துக்கொள்கிறது. ஊதாரி மகன் கதையில் மூத்தவன் வெளியே கோபமாக நிற்கிறான் அல்லவா, அவனைத் திட்டித்தான் மறையுரைகள் கேட்டிருக்கிறோம். கதையில் தகப்பன் அவனைத் திட்டவில்லை. விருந்தை விட்டுவிட்டு அவனைத் தேடியும் வெளியே வருகிறார், "என்னுடையதெல்லாம் உன்னுடையதே" என்கிறார். அவன் உள்ளே போனானா என்று இயேசு சொல்லவே இல்லை. லூக்கா 15-ஐ இந்தக் கண்ணோடு ஒருமுறை வாசித்துப் பாருங்கள், தகப்பன் உங்களிடம் பேசும் இடம் அதுதான்.

அன்னை தெரேசா தன் கடிதங்களில் கடவுளை உணரவே முடியவில்லை என்று எழுதியிருக்கிறாராமே? அப்படியானால் வெளியே சிரித்ததெல்லாம் நடிப்பா?

கடிதங்கள் 2007-இல் வெளியாயின, அந்த இருட்டு ஏறக்குறைய ஐம்பது வருடம், நடுவில் கொஞ்ச காலம் தவிர, அவரை விடவில்லை என்பதும் உண்மை. நடிப்பு என்பது இல்லாததை இருப்பதாகக் காட்டுவது. அவர் தனக்குள் உணர்ச்சி இருப்பதாக எங்கே காட்டினார்? விடியற்காலை எழுந்து செபித்தார், சாகக் கிடந்தவர்களைத் தூக்கினார், ஆன்ம குருக்களுக்கு மறைக்காமல் எழுதினார், அந்தக் கடிதங்களை அழித்துவிடும்படி கேட்டுக்கொண்டார். உருகினால்தான் விசுவாசம் என்று நினைக்கிறவர்களுக்குத்தான் இந்தக் கடிதங்கள் இடைஞ்சல். 2016-இல் புனிதர் பட்டம் கொடுத்தபோது உரோமை இந்தக் கடிதங்களையெல்லாம் தெரிந்துதான் கொடுத்தது.

பிற்பகல் மூன்று மணிக்கு இறை இரக்கச் செபம் சொல்ல வேண்டும் என்கிறார்கள். எனக்கு அலுவலகத்தில் அந்த நேரம்தான் வேலை அதிகம். ஆறு மணிக்குச் சொன்னால் பலிக்காதா?

இறை இரக்கச் செபமாலையை எந்த நேரமும் சொல்லலாம். மூன்று மணி ஆண்டவர் சிலுவையில் உயிர்விட்ட நேரம் என்பதால் அந்த நேரத்தை நினைவுகூரச் சொன்னதாக ஃபவுஸ்தீனா எழுதுகிறார். அதிலும், முடிந்தால் சிலுவைப்பாதை செய், முடியாவிட்டால் கோயிலுக்குள் ஒரு நிமிடம் போ, அதுவும் முடியாவிட்டால் இருக்கிற இடத்திலேயே கொஞ்ச நேரம் செபத்தில் ஒன்றிவிடு என்று படிப்படியாக இறங்கித்தான் வருகிறார். அவரே அடுப்படியில் வேலை பார்த்தவர், அவருக்குத் தெரியாதா? "இயேசுவே, உம்மை நம்புகிறேன்" என்று மூன்று மணிக்கு மனசுக்குள் ஒரு தடவை சொல்லுங்கள், கோப்பை மூட வேண்டியதில்லை. ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து மீதியைச் சொல்லுங்கள்.